வெயில் பார்க்காத மண்

நெடுவரம்பின் மேல் கறுப்புக் கூடாரம் போட்டிருந்தார்கள். உள்ளே மங்கலான ஒரு சிவப்பு விளக்கு. மண் ஆய்வகத்திலிருந்து வந்த உமையாள் மண்டியிட்டு, மண்ணில் இறக்கியிருந்த எஃகுக் குழாயை உருவி, இரண்டு வாய்களையும் அடைத்து, கறுப்பு உறைக்குள் செருகினாள். வெளியே சித்திரை வெயில். உள்ளே வியர்வை இமையைத் தாண்டி இறங்கியது.

"ஏந்தாயி, உள்ள என்ன பிரசவமா பாக்குற? இம்புட்டு மறைப்பு?"

வெளியே சிலர் சிரித்தார்கள். உமையாளுக்குக் குழாய்களோடு பழகுவது எளிது. மனிதர்களிடம் பேசுவதற்கு முன் மனதுக்குள் ஒருமுறை ஒத்திகை பார்த்துக்கொள்வாள். பார்த்துக்கொண்டுதான் வெளியே வந்தாள்.

கேட்டவர் சேதுராமு, செவலங்காட்டு ஊராட்சித் தலைவர். வரம்பின் மேற்குப் பக்கம், சிவப்பு மண்ணில், குடை பிடித்து நின்றார். கிழக்குப் பக்கம் கரிசல். அங்கே ஒரு பெட்டியின் மேல் அடைக்கலம் உட்கார்ந்திருந்தாள். காரிப்புலத்துக்காரி. பயிருக்கு மருந்தடிக்கும் டிரோன் ஓட்டுகிறவள். இரண்டு ஊர் வயல்களுக்கும் அவள் டிரோன்தான் பறந்தது.

இருவருக்கும் நடுவே நெடுவரம்பு. சில இடத்தில் ஆள் உயரம், சில இடத்தில் இடுப்புயரம். கூடவே ஒரு பள்ளம். பாறைக்குன்றில் தொடங்கி ஓடைக்கரை வரை நேராகப் போகிறது, சரியாகச் சிவப்பு மண் முடிந்து கரிசல் தொடங்குகிற கோட்டின் மேல்.

"குழாய்க்குள்ள என்ன தெரியும்னு சொல்லு," என்றார் சேதுராமு.

"புதைஞ்ச மணல் கடைசியா எப்போ வெயில் பார்த்துச்சுன்னு தெரியும்ங்க ஐயா."

"மணலுக்கு ஏது கண்ணு?"

"கண்ணு மாதிரிதான். இருட்டுல இருக்க இருக்க, ஒவ்வொரு துகளும் கொஞ்சம் கொஞ்சமா சக்தியைச் சேர்த்து வைக்கும். வெயில் பட்டா எல்லாம் போயிடும். மறுபடி புதைஞ்சா மறுபடி சேர்க்கும். எவ்வளவு சேர்ந்திருக்குன்னு அளந்தா, எத்தனை காலம் இருட்டுல கிடந்துச்சுன்னு சொல்லிடலாம். முன்னாடி ஆயிரக்கணக்கான துகளைச் சேர்த்துப் போட்டுத்தான் உத்தேசமா சொன்னாங்க. எங்க வெயில்மானி எந்திரம் ஒவ்வொரு துகளையும் தனித்தனியா கேட்கும்."

"கோர்ட்டுல இப்ப அதுக்குத்தான் மரியாதை," என்றாள் அடைக்கலம். "எங்க சின்னய்யா வீட்டுக்குப் பட்டா கிடையாது. நாலு தலைமுறையா உழுத மண்ணே வந்து சாட்சி சொல்லுச்சு. நிலம் கிடைச்சிருச்சு. அதே கோர்ட்டுல வேற ஒருத்தன், பக்கத்துக் காட்டுல உழுதவங்களை விரட்ட, தார்ப்பாயைக் கட்டி அதுக்குள்ளயே அடிமண்ணை மேல புரட்டிப் போட்டு, இந்த மண்ணை யாரும் தொட்டதே இல்லேன்னு ஜெயிச்சிட்டான்."

"அது யாரைச் சொல்லுதுன்னு கேளு தாயி," என்றார் சேதுராமு, உமையாளைப் பார்த்து.

"உண்டானவங்களுக்கு உறைக்கும்னு சொல்லும்மா," என்றாள் அடைக்கலம், அவளும் உமையாளைப் பார்த்து.

நாலு அடி தள்ளி நின்ற இருவருக்கும் நடுவில், தான் எதற்கு என்று உமையாளுக்குப் புரிய சற்று நேரமானது. பிறகு சேதுராமுவின் ஆள் மோர் கொண்டுவந்தான். உமையாளுக்குக் கையில் கொடுத்தான். அடைக்கலத்துக்கான செம்பை வரம்பின் மேல் வைத்துவிட்டு விலகிப் போனான். அவள் எழுந்து வந்து எடுத்துக் குடித்தாள். யாரும் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. சட்டம் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. செம்பு மட்டும் இன்னும் கீழே வைக்கப்படுகிறது.

துறைமுகத்துக்குப் போகும் சரக்கு ரயில் பாதை நெடுவரம்பின் மேலேயே வரப்போகிறது. மேடாக இருப்பதால் செலவு குறைவு. பழங்காலத்தில் மனிதர் கட்டியது என்று தீர்ப்பாயம் ஒப்புக்கொண்டால் பாதை விலகிப் போகும். இயற்கை மேடு என்றால் இயந்திரங்கள் வரும். அதற்குத்தான் இந்தக் குழாய்கள்.

"எதுக்குங்கய்யா இது வேணும்? வெள்ளத்தை நிறுத்துமா?" என்று கேட்டாள் உமையாள்.

"பாதி இடத்துல வெள்ளம் ஏறிப் போயிரும்."

"ஆடு மாடு தாண்டாம இருக்கவா?"

"ஆடு இதும்மேல நின்னுதான் மேயுது," என்று அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "எதுக்குன்னு சொல்லத் தெரியல. இருக்கணும். அவ்வளவுதான்."

அடைக்கலம் மோர்ச் செம்பை வரம்பின் மேல் திரும்ப வைத்தாள். "இருக்கணும்," என்றாள். அன்றைக்கு இரண்டு பேரும் ஒத்துப்போனது அந்த ஒரு சொல்லில்தான்.

*

"முப்பதாயிரம் வருஷம்," என்றார் ரெஜினால்டு சார். ஆய்வகத்தின் தலைவர் அவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார். "மேல போகப் போக இன்னும் பழசு. ஆள் கட்டியிருந்தா வெட்டும்போதும் கொட்டும்போதும் மண்ணு வெயில் பார்த்திருக்கணும். இது பார்க்கவே இல்லை. பூமியே தூக்கி வச்ச மேடு, உமையாள்."

"இவ்வளவு நேராவா சார்?"

"பாறைப் பிளவு நேராத்தான் போகும்." அவர் கடிந்து பேசுகிறவர் அல்ல. "எனக்கும் வருத்தம்தான். இந்த மாதிரி நீளமான கரையும் பள்ளமும் உலகத்துல பல இடத்துல இருக்கு. ஒண்ணுமில்லாத இடத்துல தொடங்கி ஒண்ணுமில்லாத இடத்துல முடியும். எதுக்குன்னு யாருக்கும் சரியாத் தெரியாது. நமக்கும் ஒண்ணு இருந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். அறிக்கையை எழுதிடு."

அவள் எழுத உட்கார்ந்தாள். கணக்கில் ஒரு சிறு இடறல். வெயில்மானி ஒவ்வொரு குழாயிலும் கொஞ்சம் துகள்களைத் தானாகவே ஒதுக்கிவிட்டிருந்தது. மிக இளைய துகள்கள். குழாய் இறங்கும்போது மேலேயிருந்து ஒட்டிய தூசி என்று அதற்குச் சொல்லிவைத்திருந்தார்கள். எல்லா ஆய்வகத்திலும் அப்படித்தான்.

ஒட்டிய தூசி குழாயின் ஓரத்தில் இருக்க வேண்டும். இவை நடுவில் இருந்தன.

அவள் பழைய துகள்களை எல்லாம் திரையிலிருந்து அழித்தாள். தூசி மட்டும் மிஞ்சியது. அது வளைவு வளைவாக நின்றது, ஒன்றின் மேல் ஒன்று ஏறிய மீன் செதில் மாதிரி. ஒவ்வொரு செதிலும் ஒரே அளவு. இரண்டு கையால் தூக்கக்கூடிய அளவு.

கூடை.

நாற்காலியை விட்டு எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். பள்ளத்தின் அடியிலிருந்து இருட்டில் வெட்டிய மண். இருட்டிலேயே கை மாறி, இருட்டிலேயே கொட்டிய மண். அது வெயிலையே பார்க்கவில்லை, அதனால் இயந்திரத்துக்கு அது நகரவே இல்லை. ஆனால் கூடையின் அடியிலும், தூக்கிய கைகளிலும் முந்தைய பகலின் தூசி இருந்திருக்கிறது. அந்தத் தூசிதான் ஒவ்வொரு கூடை மண்ணையும் சுற்றி ஒரு மெல்லிய தோலாகத் தங்கிவிட்டது.

செதில்களின் வயதைப் பார்த்தாள். வருடத்துக்கு ஒரு வரிசை. இடையில் மழை தின்ற வருடங்கள் இல்லாமல் போயிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது சென்ற மாதத்துச் செதில்.

சென்ற மாதம். பங்குனி. இந்தச் சேதுராமு, இந்த அடைக்கலம்.

கடைசியாகத் தூசியின் நிறத்தைப் பிரித்தாள். சிவப்பு மண் துகளும் கரிசல் துகளும் தனித்தனிக் கூடைகளில் இருக்கும் என்று நினைத்தாள். அப்படி இல்லை. ஒவ்வொரு கூடையிலும் இரண்டும் இருந்தன.

*

"அப்படி ஒரு பழக்கம் இங்க கிடையாது," என்றார் சேதுராமு.

உமையாள் மறுபடி வந்திருந்தாள். இந்த முறை வரம்பின் அடிவரை துளைக்க அனுமதி வாங்கியிருந்தாள். குழாய் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கொண்டுவந்த செதில் படத்தை அவர் கையில் வாங்கவே இல்லை.

"ஐயா, போன மாசம்..."

"அமாவாசை அன்னைக்கு எங்க ஊர்ல வெள்ளனப் படுத்துருவோம்."

"நான் அமாவாசைன்னே சொல்லலையே ஐயா."

அவர் குடையை மடக்கினார். விரித்தார். ஆளை அந்தப் பக்கம் போகச் சொன்னார். பிறகு குரலை இறக்கினார்.

"செவல் மண்ணு இருக்குன்னு எழுது. அது பொய்யில்லையே? இருக்குல்ல?"

"கரிசல்?"

"காத்துல வந்த தூசின்னு வச்சுக்க."

"யார் மண்ணு இருக்கோ அவங்களுக்குத்தான் உரிமைன்னு சட்டம் சொல்லுதுங்க. அப்படி எழுதினா வரம்பு மொத்தமும் உங்க ஊருக்குப் போயிடும்."

"நான் அதுக்காகச் சொல்றேன்னு நினைக்கிறியா?" அவருக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில் போனது. "தாயி, கேளு. என் மகன் இருக்கான். அவன் கூட்டாளிக இருக்கானுக. பகல்ல பார்த்தா அந்த ஊர்க்காரன் நிழலுக்கு விலகுற பயலுக. அவனும் அன்னைக்கு வாரான். என்கிட்ட சொல்லாமத்தான் வாரான், நானும் அவன்கிட்ட சொல்லாமத்தான் போறேன். பக்கத்துல நிக்கிறது யாரு கைன்னு தெரியாத வரைக்கும்தான் அது. நீ எழுதிட்டா தெரிஞ்சிரும்."

அவர் சொன்னதை எல்லாம் தான் கேட்கவில்லை என்பதுபோல உமையாள் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்கும் அதுதான் தேவைப்பட்டது.

மாலையில் அடைக்கலம் அவளை ஸ்கூட்டரில் பேருந்து நிறுத்தத்துக்குக் கொண்டுபோய் விட்டாள். பாதி வழியில் வண்டியை ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினாள்.

"பெருசு என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் இல்லைன்னு சொன்னாங்க அக்கா."

"நானும் அதான் சொல்வேன்." சிரித்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "சும்மா ஒரு கதை மாதிரி கேளு. இப்படி ஒண்ணு இருந்தா எப்படி இருக்கும்னு. வளையல், மெட்டி எல்லாம் கழட்டி வச்சிட்டு வரணும். பேசக் கூடாது. இருமல் வந்தா முந்தானையை வாயில வச்சுக்கணும். பள்ளத்துல இருந்து வரம்பு வரைக்கும் வரிசை. இடது பக்கம் ஒரு கை கூடையை நீட்டும். வாங்கி வலது பக்கம் கொடுக்கணும். அவ்வளவுதான்."

"யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"யாரும் இல்ல. அன்னைக்கு வீட்டுல விளக்கு எரியாது. பெரியவுக எந்திரிச்சுப் போவாக. ஒரு வருஷம் நமக்கும் முழிப்பு வந்துரும், பின்னாடியே போவோம்." மடியிலிருந்த ஹெல்மெட்டின் தூசியைத் துடைத்தாள். "ஒரு வருஷம் இடது பக்கத்துக் கை கொதிச்சுது. நல்ல காய்ச்சல். நடுக்கம். கூடையை வாங்கிட்டு அந்தக் கையை விட மனசு வரல எனக்கு. கொஞ்ச நேரம் அப்படியே பிடிச்சிருந்தேன். அந்தக் கையும் இழுத்துக்கல. மறு வருஷம் தேடினேன். எப்படித் தேடுறது? காய்ச்சல் இல்லாட்டி எல்லாக் கையும் ஒண்ணு மாதிரிதான இருக்கு."

உமையாள் ஒத்திகை பார்க்காமலே கேட்டுவிட்டாள்.

"எழுதவா, வேண்டாமா அக்கா?"

"எழுதினா வரம்பு நிக்கும். நாங்க நிக்க மாட்டோம். எழுதாட்டி வரம்பும் இல்ல." அடைக்கலம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். "நீ படிச்ச புள்ள. எது கொஞ்சம் பரவாயில்லைன்னு நீயே சொல்லு."

*

அடிமண்ணின் முடிவு வந்த அன்று உமையாள் ரெஜினால்டு சாரின் அறைக்குப் போனாள். கதவைத் தட்டாமல் போனது அதுதான் முதல் தடவை.

"அடியில வெயில் இருக்கு சார்."

அவர் நிமிர்ந்தார்.

"மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாடி கட்டத் தொடங்கியிருக்காங்க. அடியில உள்ள கூடை எல்லாம் நல்ல வெயில்ல வெட்டி, வெயில்ல கை மாறி, வெயில்ல கொட்டினது. அதுலயும் ரெண்டு மண்ணும் கலந்துதான் இருக்கு. அப்படியே நிறைய வருஷம். அப்புறம்..." திரையில் ஒரு கோட்டைக் காட்டினாள். "இங்க இருந்து இருட்டு. ஒரே வருஷத்துல மாறியிருக்கு. முந்தின வருஷம் பகல், அடுத்த வருஷம் இருட்டு. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் பகலே இல்லை."

அவர் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்தார்.

"அந்த வருஷம் யாரோ ஏதோ சொல்லியிருக்காங்க," என்றார்.

"ஆமா சார். தொடக் கூடாதுன்னு. இவங்க நிறுத்தலை. நேரத்தை மட்டும் மாத்திக்கிட்டாங்க."

சுவரில் இருந்த வான்வழிப் படத்தில் நெடுவரம்பு ஒரு தையல் போலத் தெரிந்தது. யாரையும் தடுக்கிற உயரம் அதற்கு எப்போதுமே இருந்ததில்லை. மழை கரைக்கும். கரைப்பதால் மறுபடி போட வேண்டும். போடுவதற்கு இரண்டு பக்கமும் வேண்டும். கட்டி முடித்துவிட்டால் அதற்கு வேலை இல்லை என்று உமையாளுக்குத் தோன்றியது. இதை அறிக்கையில் எழுத முடியாது. இதற்கு அளவு கிடையாது.

"கரிசலை விட்டுட்டு எழுதலாமான்னு கேட்கிறாங்க சார்."

"நீ என்ன நினைக்கிற?"

"விட்டா அது திருட்டு. விடாட்டி..."

"நாம மண்ணோட வக்கீல் இல்லை, உமையாள். அது சொன்னதைச் சொல்றவங்க. முழுசாச் சொல்லணும். அதுக்கப்புறம் நடக்கிறது நம்ம கையில இல்லை." அவர் அதைத் தைரியமாகச் சொல்லவில்லை.

முழுவதும் எழுதினாள். கையெழுத்துப் போட்டாள்.

தீர்ப்பாயத்தில் இரண்டு ஊரும் வந்திருந்தன. நடுவில் நடைபாதை விட்டு இரண்டு பக்கமாக உட்கார்ந்தார்கள். சேதுராமு எழுந்து, அப்படி ஒரு பழக்கம் தங்கள் ஊரில் இல்லை, தங்கள் ஆட்கள் யாரோடும் சேர்ந்து எதையும் தொட்டதில்லை என்றார். அடுத்து அடைக்கலம் எழுந்து அதையே சொன்னாள். ஒரு சொல் மாறவில்லை.

நீதிபதி அம்மாள் பேனாவை மூடினார். "ரெண்டு ஊரும் ஒண்ணு சேர்ந்து பொய் சொல்றது இதான் முதல் தடவையா?"



மண் சொன்னதை நம்பினார்கள். மனிதர்கள் சொன்னதை நம்பவில்லை. நெடுவரம்பு இரண்டு ஊருக்கும் பொதுச் சொத்து, பாதுகாக்கப்பட்ட தொல்சின்னம் என்று தீர்ப்பு வந்தது. ரயில் பாதை தெற்கே வளைந்தது.

*

அந்த மாதமே அடைக்கலத்தின் டிரோன் இறக்கைகளை யாரோ முறித்துப் போட்டார்கள். செவலங்காட்டில் அவளை மருந்தடிக்கக் கூப்பிடுவது நின்றது. சேதுராமுவின் மகன் அவரோடு பேசுவதை நிறுத்தினான். டீக்கடையில் ஒரு கைகலப்பு. யார் கை யார் கையைத் தொட்டது என்பதுதான் பேச்சு.

பாதுகாப்புக்கு என்று நெடுவரம்பு நெடுகக் கம்பம் நட்டு விளக்குப் போட்டார்கள். கம்பத்துக்குக் கம்பம் கேமரா. இரவில் தூரத்து நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால், விமான நிலையம் மாதிரி இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

பங்குனி வந்தது. அமாவாசை போனது. இரண்டு நாள் கழித்து அடைக்கலம் போன் செய்தாள். முதலில் வெயிலைப் பற்றிப் பேசினாள். பருத்தி விலையைப் பற்றிப் பேசினாள்.

"அக்கா," என்றாள் உமையாள். "இந்த வருஷம்..."

"லைட்டு எரியுது. யாரு வருவா?" வருத்தம் இல்லாத குரல். வேலை போனதைச் சொன்னதும் இதே குரலில்தான். "ஓடைப் பக்கம் மழையில ஒரு இடம் அரிச்சுக்கிட்டுப் போயிருச்சு. பாத்தேன். கையெடுத்துக் கும்பிட்டு வந்துட்டேன். சாமியில்ல அது, எதுக்குக் கும்பிட்டேன்னு தெரியல."

உமையாள் போனை வைத்தாள். வரம்பைக் காப்பாற்றியாகிவிட்டது. இனி அது இடிக்கப்படாது. இனி அது மெல்லக் கரையும், விளக்கு வெளிச்சத்தில், எல்லோரும் பார்க்க.

அடுத்த நாள் பாதுகாப்புப் பரிந்துரை ஒன்றை எழுதி ரெஜினால்டு சாரிடம் நீட்டினாள். ஒரு பக்கம்கூட இல்லை. மணல் துகள்களில் உள்ள பதிவைச் செயற்கை ஒளி பாதிக்கும். ஆகவே சூரியன் மறைந்தபின் நெடுவரம்பில் எந்த விளக்கும் எரியக் கூடாது. இரவுக் கேமராக்களின் அகச்சிவப்புக் கதிரும் அவ்வாறே பாதிக்கும். ஆகவே அவையும் அகற்றப்பட வேண்டும்.

அவர் இரண்டு முறை படித்தார். "பகல் முழுக்க அடிக்கிற வெயிலுக்கு முன்னாடி இந்த லைட்டு எம்மாத்திரம்?"

"பொய் இல்லை சார்."

"பொய் இல்லை. ஆனா கடுகளவு உண்மை."

"கடுகளவு போதும் சார்."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். கடைசி வரியில் விரலை வைத்தார். "இது என்ன? இனி எந்த ஆய்வகமும் அங்க குழாய் இறக்கி மண்ணெடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்க. நமக்கும் சேர்த்தா?"

"முதல்ல நமக்குத்தான் சார்."

"உமையாள், உலகத்துல வேற எங்கயும் இப்படி ஒண்ணு இல்லை. உன் வாழ்நாள் வேலை அதுக்குள்ள இருக்கு. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் சார்."

அவர் பேனாவைத் தேடினார். அது அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. கையெழுத்துப் போட நேரம் எடுத்துக்கொண்டார்.

*

விளக்குகள் அணைந்த பிறகு வந்த முதல் பங்குனியில், ஆண்டு ஆய்வுக் கூட்டம் ஒன்றை ஆய்வகத்தில் வைத்தார்கள். தேதி மேலிடத்திலிருந்து வந்தது. அது அமாவாசைக்கு மறுநாள் என்பதை அங்கே யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

சேதுராமுவும் அடைக்கலமும் ஒரே பேருந்தில் வந்து இறங்கினார்கள். மேசையின் இரண்டு பக்கமும் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். பத்து நிமிடத்தில் சண்டை தொடங்கியது. மாடு கடக்கும் வழி எந்த ஊர்ப் பக்கம் திறக்க வேண்டும் என்று.

"அவங்க பக்கம் திறந்தா எங்க பருத்தி என்னாகும்னு கேளுங்க சார்."

"பருத்தியைப் பார்த்தா மாடு மயங்கி விழுந்துரும், அப்படி வெளஞ்சிருக்குன்னு சொல்லுங்க சார்."

ரெஜினால்டு சார் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தார். நடுவில் சேதுராமு பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். அது மேசையைக் கடந்து அடைக்கலத்துக்குப் போனது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரெண்டு பேருக்கும் ராத்திரி தூக்கம் இல்லையா?" என்றார் சார்.

"வயசாச்சு சார்."

"கொசு சார்."

சார் சிரித்தார். பிறகு, சண்டை ஓய்ந்த இடைவெளியில், உமையாள் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: "ஒரே ஒரு குழாய். யாருக்கும் தெரிய வேண்டாம். இப்போ வர்றாங்களா இல்லையான்னு மட்டும் பார்த்துடலாமா? நமக்காக."

அவள் பதில் சொல்லும் முன் டீ வந்தது. கண்ணாடித் தம்ளர்களில், கொதிக்கக் கொதிக்க. சேதுராமு ஒன்றை எடுத்தார். எடுத்த வேகத்தில் மேசையில் வைத்தார். தோள் துண்டை இழுத்துத் தம்ளரைச் சுற்றி, மறுபடி எடுத்துப் பார்த்தார். எதிரே அடைக்கலம் தம்ளரைத் தொட்டதும் விரல்களை மடக்கிக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து உள்ளங்கையை வாயருகே கொண்டுபோய் ஊதினாள். அது டிரோன் ஓட்டுகிற கை, மண்வெட்டி பிடிக்கிற கை அல்ல. அதில் புதிதாகக் கொப்புளம் உடைந்திருந்தது.

"வேண்டாம் சார்," என்றாள் உமையாள்.

எழுந்து போய்ச் சமையல் மூலையிலிருந்து இரண்டு டவராக்களை எடுத்துவந்தாள். சேதுராமுவின் டீயை வாங்கி நன்றாக ஆற்றினாள். பிறகு அடைக்கலத்தின் டீயை ஆற்றினாள். அவர்கள் கொஞ்ச நேரம் சண்டையை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொட்டுப் பார்த்தாள். கை தாங்கும் சூடுதான். இரண்டு கையாலும் எடுத்து, ஆளுக்கொன்றாக அவர்கள் கையில் கொடுத்தாள்.